பை இருந்தால் பங்காளியா?

“சார், கங்காருவுக்கும் பை இருக்கு, கூழைக்கடாவுக்கும் பை இருக்கு. ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டா என்ன தப்பு?”

கேட்ட தம்பி சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனர். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம், தீபாவளிக்குப் பட்டாசு லேபிள், பள்ளிக்கூடம் திறக்குமுன் பிள்ளைகளுக்கான படத்தாள் என்று அவருக்கு வருஷம் ஓடுகிறது. அன்றைக்குக் கையில் இருந்தது படத்தாளின் புரூப். ‘பை உள்ள உயிரினங்கள்’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு. இடப்பக்கம் குட்டியோடு கங்காரு, வலப்பக்கம் மீனோடு கூழைக்கடா. கங்காருவுக்குக் கீழே ‘வகை: பைப்பாலூட்டி’, கூழைக்கடாவுக்குக் கீழே ‘வகை: கடற்பறவை’. இரண்டுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: ‘நிலை: அழியும் நிலை’.

தலைப்பில் ஒரு சிக்கல், நடுவரியில் ஒன்று, கடைசி வரியில் ஒன்று. பிளேட் போடுவதற்குள் கொண்டுவந்தாரே, அதுவே பெரிது. இஞ்சி டீயும் ஒரு தட்டு காராச்சேவும் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

முதலில் கங்காருவின் பை. செங்கங்காரு கருவைச் சுமப்பது ஏறக்குறைய 33 நாள்தான். பிறக்கும் குட்டி ஒரு கிராம்கூட இருக்காது. கண் திறந்திருக்காது, பின்னங்கால் சரியாக உருவாகியிருக்காது. முன்னங்கால் இரண்டை மட்டும் வைத்துத் தாயின் வயிற்று முடியைப் பற்றிப் பற்றித் தானாகவே ஏறிப் பைக்குள் போய், ஒரு காம்பைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பிறகு எட்டு மாதம் போல அதுதான் வீடு. வெளியே வந்த பின்னும் தலையை உள்ளே நீட்டிப் பால் குடிக்கும். அந்த நேரத்தில் அடுத்த குட்டி உள்ளே வந்திருக்கலாம். அப்போது தாய் ஒரு காம்பில் பெரியதற்கு ஏற்ற பாலும், வேறொரு காம்பில் பச்சைக் குட்டிக்கு ஏற்ற பாலும் ஒரே சமயத்தில் சுரக்கிறது. நான் பாடம் நடத்திய காலத்தில் வகுப்பு மொத்தமும் சத்தமில்லாமல் கேட்ட விஷயம் இது ஒன்றுதான்.

ஆக, பை என்பது குட்டி வளர்வதற்கு ஓர் இடம். விஷயம் பையில் இல்லை, குறைப்பிரசவம் போன்ற அந்தப் பிறப்பில் இருக்கிறது. பாலூட்டிகள் இன்றைக்கு மூன்று கிளையாக இருக்கின்றன. பிளாட்டிபஸ், எக்கிட்னா மாதிரி முட்டையிட்டுப் பால் கொடுப்பவை ஒரு கிளை. குட்டியை மிகச் சிறியதாக ஈன்று, பிறகு காம்பில் தொங்கவிட்டு வளர்ப்பவை இன்னொன்று, இவைதான் பைப்பாலூட்டிகள். நஞ்சுக்கொடி வழியாக நெடுநாள் வயிற்றிலேயே வளர்த்து ஈன்றெடுப்பவை மூன்றாவது. ஆடு, மாடு, யானை, அணில், நாம் எல்லாம் அதில். நம்பாட் என்று கறையான் தின்னும் சின்ன விலங்கு ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அது பைப்பாலூட்டிதான், ஆனால் பையே கிடையாது. குட்டிகள் வயிற்று முடிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். வாம்பேட்டுக்குப் பை உண்டு, வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். வளை தோண்டும்போது மண் உள்ளே போகாமல் இருக்க அது வசதி. பை இல்லாத பைப்பாலூட்டி இருக்கிறது என்றதும் தம்பி புரூபின் தலைப்பைப் பென்சிலால் லேசாக வட்டமிட்டார்.

கூழைக்கடாவின் பை வேறு சமாச்சாரம். கீழ் அலகின் இரண்டு எலும்புக்கு நடுவே விரிகிற தோல், அவ்வளவுதான். தண்ணீரில் அலகை அமிழ்த்தி மீனையும் தண்ணீரையும் சேர்த்து வாரும். தலையைக் கீழே சாய்த்துத் தண்ணீரை வடியவிடும், பிறகு அலகை உயர்த்தி விழுங்கும். அந்தப் பையில் மீனைச் சேமித்து வைத்துப் பறக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குஞ்சுக்குக் கொண்டுபோகும் இரை தொண்டைக்குள் இறங்கித்தான் போகிறது. குஞ்சு தன் தலையைத் தாயின் வாய்க்குள் விட்டு அதை எடுத்துத் தின்னும். வெயில் கொளுத்தும்போது அந்தத் தோலைப் படபடவென்று அடித்து உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் பை உதவும். நம் பக்கத்து வெயிலில் அது எவ்வளவு பெரிய உதவி என்று விருதுநகர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“அப்ப குட்டிக்குப் பை கங்காருவுக்கு மட்டும்தானா?” என்றார் டீ மாஸ்டர், பாய்லருக்குப் பின்னாலிருந்து. இல்லை அண்ணாச்சி, மன்னார் வளைகுடாவில் கடல்குதிரை இருக்கிறதே, அதற்கும் பை உண்டு. அதுவும் ஆணுக்கு. பெண் முட்டையை ஆணின் பைக்குள் விட்டுவிட்டுப் போய்விடும். சுமப்பதும் ஈனுவதும் ஆண்தான். கடல்குதிரை ஒரு மீன். பை உள்ளதையெல்லாம் ஒரே தாளில் போடுவதென்றால் அதையும் சேர்க்க வேண்டும். அப்படிப் போட்டால் தலைப்பும் தப்பாகாது. ‘பை உள்ள உயிரினங்கள்’ என்பது ஒரு வேடிக்கைப் பட்டியல். அதன் கீழே ‘வகை’ என்று எழுதும்போதுதான் தகராறு.

வகைப்பாடு என்பது உருவத்தை வைத்துப் பிரிப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். பள்ளியில் நானும் அப்படித்தான் தொடங்குவேன். இறகு இருந்தால் பறவை, பால் கொடுத்தால் பாலூட்டி என்று. தொடங்குவதற்குச் சரி. ஆனால் இன்றைய உயிரியலில் வகைப்பாடு என்றால் வம்சாவளி. நம் ஊரில் பங்காளி யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? முகஜாடை, தொழில், சட்டை எதையும் பார்ப்பதில்லை. ‘உங்க குலதெய்வம் எது?’ என்று கேட்போம். ஒரே கோயிலுக்கு மாசி சிவராத்திரியில் பொங்கல் வைத்தால் பங்காளி. ஒருவர் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கலாம், இன்னொருவர் மும்பையில் இருக்கலாம். உயிரியலிலும் கேள்வி அதேதான்: இரண்டுக்கும் பொதுவான மூதாதை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

கங்காருவின் வழியும் கூழைக்கடாவின் வழியும் பிரிந்து சுமார் 32 கோடி ஆண்டு ஆகிறது. அப்போது பாலூட்டியும் இல்லை, பறவையும் இல்லை. பல்லி போன்ற உருவத்தில் ஒரு மூதாதைதான். பறவைகளுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய சொந்தம் முதலைகள். ஆகவே கூழைக்கடாவுக்குக் கங்காருவைவிட முதலை நெருக்கம். கங்காருவுக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் புளியமரம் தாவும் நரை அணில் நெருக்கம். அவை பிரிந்து சுமார் 16 கோடி ஆண்டுதான். ‘தான்’ என்று சொல்வது கொஞ்சம் அதிகம், ஆனால் இந்தக் கணக்கில் அப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது.

உருவத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கூழைக்கடாவே சாட்சி. அதன் காலில் நாலு விரலையும் சேர்த்துச் சவ்வு இருக்கும். வாத்துக்குக்கூட மூன்று விரலில்தான் சவ்வு. நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் நாலு விரலிலும் உண்டு. அதனால் கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாவற்றையும் நெடுங்காலம் ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அந்தக் கட்டு குலைந்தது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் தனி வரிசைக்குப் போயின. கூழைக்கடாவின் நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஷூபில் என்ற பெரிய மூக்குப் பறவையும் ஹாமர்காப் என்ற இன்னொன்றும் என்று தெரிந்தது. அதற்கு அடுத்த நெருக்கம் கொக்கும் அரிவாள் மூக்கனும். ஒரே கருவேல மரத்தில் நீர்க்காகமும் கொக்கும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருப்பதைப் பார்ப்பவர், கூழைக்கடாவை நீர்க்காகத்தோடுதான் சேர்ப்பார். அது பிசகு.

நடுவரிக்கு வருகிறேன். ‘பைப்பாலூட்டி’ என்பது வம்சத்தின் பெயர். ‘கடற்பறவை’ வம்சத்தின் பெயர் அல்ல, பிழைப்பின் பெயர். கடலை நம்பி வாழும் பறவை எதுவானாலும் கடற்பறவைதான். பென்குவின் ஒரு வரிசை, அல்பட்ராஸ் ஒரு வரிசை, கூழைக்கடா வேறு வரிசை. தனுஷ்கோடியில் வட்டமிடும் ஆலாவும் கடற்காகமும் இன்னொரு வரிசை. அந்தக் கடைசி வரிசையில், சாத்தூர் கரிசலில் ஆள் நடமாட்டம் கண்டதும் கத்திக்கொண்டே எழுகிற ஆட்காட்டியும் இருக்கிறது! கடலையே பார்த்திராத ஆட்காட்டி கடற்காகத்தின் சொந்தம். கடலிலேயே கிடக்கும் அல்பட்ராஸ் அதற்குத் தூரத்து ஆள். போதாததற்கு, நம்முடைய புள்ளி அலகுக் கூழைக்கடா கடலுக்கு அதிகம் போவதே இல்லை. கண்மாயும் ஏரியும் கழிமுகமும்தான் அதன் இடம். அமெரிக்கக் கடற்கரைகளில் உள்ள பழுப்புக் கூழைக்கடாவைக் கடற்பறவை என்றால் பொருந்தும். உலகில் இருக்கும் எட்டுக் கூழைக்கடா இனங்களில் எதைப் படம் போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். அலகு ஓரத்தில் வரிசையாகப் புள்ளி. நம்ம ஊர் ஆள்தான்.

“அப்ப பறவைனு மட்டும் போட்டுறவா சார்?” என்றார் தம்பி. அப்படியே போடுங்கள். ஒரு பக்கம் ‘பாலூட்டி — பைப்பாலூட்டி’, இன்னொரு பக்கம் ‘பறவை — கூழைக்கடாக் குடும்பம்’. கேட்கும் கேள்வி ஒன்றாக இருந்தால்தான் இரண்டு பதிலை ஒப்பிட முடியும்.

பைப்பாலூட்டி நமக்கு எங்கே என்று கேட்கலாம். இந்தியக் காட்டில் அந்தக் கிளை கிடையாது. ஆஸ்திரேலியாவும் நியூகினியும் அதன் பெரிய இருப்பிடம், மீதி பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களில். ஆனாலும் இங்கே வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் மேற்கு வங்கம் ஜல்பைகுரி மாவட்டத்தில் சாலையோரமாகக் கங்காருக்கள் திரிந்ததை ஜனங்கள் செல்போனில் படமெடுத்தார்கள். கடத்தி வந்தவர்கள் விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். எலும்பும் தோலுமாக இருந்தவற்றை வனத்துறை மீட்டது. அதே ஆண்டு பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பயணியிடம் சுங்கத்துறை பிடித்ததில் புள்ளிக் கஸ்கஸ் என்ற மரமேறிப் பைப்பாலூட்டி ஒன்று இருந்தது. நகரத்தில் செல்லப்பிராணி விற்பவர்கள் ‘சுகர் கிளைடர்’ என்று ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்கள். பெரிய கண், கை கால் நடுவே தோல் விரித்து மரத்துக்கு மரம் மிதக்கும். பார்ப்பவர்கள் ‘பறக்கும் அணில்’ என்று வாங்கிப் போகிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பறக்கும் அணில் உண்மையான அணில், நஞ்சுக்கொடிக் கிளை. சுகர் கிளைடர் கங்காருவின் பக்கத்து ஆள். மரத்தில் வாழ்ந்து மிதந்து போக வேண்டிய தேவை இரண்டுக்கும் ஒன்றாக இருந்ததால், தனித்தனியே ஒரே மாதிரி தோல் விரிந்தது. இதையும் அந்தப் படத்தாளில் ஒரு மூலையில் போடலாம். இடமில்லை என்று தம்பி கையை விரித்தார்.

இரண்டாவது டீ வந்தது. கடைசி வரிதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. ‘அழியும் நிலை.’ விலங்குப் படம் போட்டாலே இந்த வார்த்தையைச் சேர்த்துவிடுவது பத்திரிகைகளுக்கும் பழக்கம் ஆகிவிட்டது. எது உண்மையிலேயே அழிகிறதோ அதற்கு மரியாதை போய்விடுகிறது என்பதுதான் அதில் கெடுதல்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் சிவப்புப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் படிகள் உண்டு. கவலை குறைந்தது, அச்சுறுத்தலை நெருங்கியது, பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது, அருகிவருவது, மிக அருகிவருவது. அதற்கும் மேலே காட்டில் அற்றுப்போனது, முற்றிலும் அற்றுப்போனது. நடுவில் உள்ள மூன்றை மட்டும்தான் ‘அச்சுறுத்தலில் உள்ளவை’ என்று சேர்த்துச் சொல்வார்கள். படியை முடிவு செய்வது தலைக்கணக்கு மட்டும் அல்ல. பத்து ஆண்டில், அல்லது மூன்று தலைமுறையில், எது நீளமோ அந்தக் காலத்தில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பார்கள். மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்தால் ஒரு படி, பாதி குறைந்தால் அடுத்தது, ஐந்தில் நாலு பங்கு போனால் அதற்கும் மேல். வாழும் இடம் எவ்வளவு சுருங்கியது, துண்டு துண்டானதா என்பதும் சேரும்.

இந்த வேகக் கணக்கு புரியாவிட்டால் பட்டியல் கிறுக்குத்தனமாகத் தெரியும். அட்லாண்டிக் கடலில் பஃபின் என்று ஒரு கடற்பறவை. பட்டாசு லேபிளில் போடலாம் போல அலகில் அத்தனை வண்ணம். ஒரு கோடிக்கும் மேல் இருக்கிறது. ஆனாலும் 2015-ல் அதைப் ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது’ என்ற படியில் ஏற்றினார்கள், ஐரோப்பாவில் அவ்வளவு வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. நம் பிணந்தின்னிக் கழுகுகளை நினைத்துப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் வட்டமிட்டவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து செத்த மாட்டின் கறி வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பதினைந்து ஆண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் போயின. கால்நடைக்கு அந்த மருந்தை 2006-ல் தடைசெய்தார்கள். ‘ஏகப்பட்டது கிடக்கு’ என்று ஒரு தலைமுறை சொன்ன பறவையை அடுத்த தலைமுறை படத்தில்தான் பார்க்கிறது. மறுபக்கம், செல்போன் கோபுரத்தால் ஒழிந்தே போய்விட்டது என்று வாட்ஸ்அப்பில் வருஷந்தோறும் ஒப்பாரி வைக்கப்படும் சிட்டுக்குருவி, உலகப் பட்டியலில் ‘கவலை குறைந்தது’. சில நகரங்களில் குறைந்திருக்கிறது, அது வேறு. குருவி வெடிக்குப் பேர் கொடுத்த குருவி உயிரோடு சௌக்கியமாகவே இருக்கிறது.

கங்காருவுக்கும் இந்தக் கணக்குத்தான். படத்தில் இருந்த செங்கங்காரு ‘கவலை குறைந்தது’. ஆஸ்திரேலியாவில் அரசு அனுமதியோடு இறைச்சிக்கும் தோலுக்கும் சுடுகிறார்கள். ‘அழியும் நிலை’ என்று அச்சடித்தால் அது பச்சைப் பொய். அதே கிளையில் கோலாவுக்கு நிலைமை வேறு. குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்சிலும் தலைநகரப் பகுதியிலும் அதை ‘அருகிவருவது’ என்று 2022 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. டாஸ்மேனியப் பிசாசு என்ற விலங்கை, ஒன்றையொன்று கடிக்கும்போது தொற்றுகிற முகப் புற்றுநோய் 1996-லிருந்து தின்றுகொண்டிருக்கிறது. டாஸ்மேனியப் புலி என்ற தைலசின் 1936-ல் ஹோபார்ட் மிருகக்காட்சிச் சாலையில் கடைசி ஒன்றும் செத்துப்போய், முடிந்தே விட்டது. ஒரே வம்சம், நாலு கதி.

இன்னொன்றும் இருக்கிறது. உலகப் பட்டியலும் நம் நாட்டுச் சட்டமும் ஒன்றல்ல. மயில் உலக அளவில் ‘கவலை குறைந்தது’. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது உச்ச பாதுகாப்பு. நம் மாவட்டத்தில் மக்காச்சோளம் போட்டவர் காலையில் கூட்டமாக மேயும் மயிலைப் பார்த்து ‘இதையா அழியுதுங்கறீங்க?’ என்று கேட்டால், அவர் கேட்பதும் நியாயம், சட்டமும் தப்பில்லை. சட்டம் ஒரு நாடு எதைக் காக்க விரும்புகிறது என்பதைச் சொல்கிறது. சிவப்புப் பட்டியல் எது எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது.

இனி கூழைக்கடா. புள்ளி அலகுக் கூழைக்கடா இன்றைக்கு ‘அச்சுறுத்தலை நெருங்கியது’. ஆனால் அந்தப் படிக்கு அது மேலிருந்து கீழே இறங்கி வந்தது. முன்பு ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது’ என்று இருந்ததை 2007-ல் ஒரு படி தணித்தார்கள். பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் கண்ணுக்கெட்டிய தூரம் மரமெல்லாம் இதன் கூடுகளாக இருந்திருக்கின்றன. அந்தக் கூட்டம் பிறகு காணாமலே போனது. பிலிப்பைன்ஸ் பேரை அறிவியல் பெயரில் சுமக்கிற பறவை அந்த நாட்டிலேயே இப்போது கிடையாது. முக்கியமாகத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கம்போடியாவிலும் தப்பியது. தப்பியதற்குக் காரணம் பெரிய திட்டம் எதுவும் அல்ல, சில கிராமங்கள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். எச்ச நாற்றத்தை ஊர் பொறுத்துக்கொள்ளும். அந்த எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிக்கொண்டு போகும். 1994-ல் அது பறவைகள் சரணாலயம் ஆனது, இப்போது ராம்சார் ஈரநிலமும்கூட.

பட்டாசு ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது: நம் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது, ஊர்க்கட்டுப்பாடு தலைமுறைகளாக ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்து நீர்ப்பறவைகள் வந்து இறங்குகிற நேரமும் தீபாவளியும் ஒன்றாக வருவதுதான் காரணம். அடைகாக்கும் பறவை வெடிச்சத்தத்துக்குக் கூட்டை விட்டு எழுந்தால், முட்டை காக்கைக்குப் போகும். இதைச் சொன்னால் சிவகாசியில் முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். டீ மாஸ்டர் சொன்னார்: “நாலு ஊரு வெடிக்காட்டி நம்ம வியாபாரம் படுத்துராது அண்ணாச்சி. பறவை வந்துட்டுப் போகட்டும்.” அவரே சீசனில் பட்டாசுக் கடை போடுபவர்.

கூழைக்கடாவோடு ஒப்பிட நம் மாவட்டத்திலேயே ஒரு விலங்கு இருக்கும்போது ஆஸ்திரேலியாவுக்கு ஏன் போக வேண்டும் என்று தம்பியிடம் கேட்டேன். நரை அணில். சாம்பல் நிற மலை அணில் என்றும் எழுதுவார்கள். பூனை அளவு உடம்பு, அதே நீளத்துக்கு வால், நரைத்தது போல் வெளுத்த முடி நுனி. உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. இதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆனது. பேர்ப்பலகையில் புலி வந்துவிட்டதால் அணில் கொஞ்சம் பின்னால் போய்விட்டது என்பது என் தனிப்பட்ட மனத்தாங்கல்.

நரை அணிலுக்கும் சிவப்புப் பட்டியலில் கூழைக்கடாவின் அதே படிதான்: ‘அச்சுறுத்தலை நெருங்கியது’. பேப்பரில் ஒரே வார்த்தை. ஆனால் கூழைக்கடா இறங்கி வந்து நிற்கிறது; அணிலின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதாகத்தான் பட்டியல் சொல்கிறது. கூழைக்கடா ஓர் ஈட்டில் மூன்று, நாலு முட்டை வரை இடும். ஒரு கண்மாய் வற்றினால் றெக்கையை விரித்து அடுத்ததற்குப் போய்விடும். நரை அணில் பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும். மண்ணில் இறங்கப் பிடிக்காது. கிளைக்குக் கிளை தாவித்தான் அதற்கு ஊரும் தெருவும். ஓடையோரத்து மரவரிசையில் நடுவே நாலு மரம் போனால், அந்தப் பக்கத்து அணிலும் இந்தப் பக்கத்து அணிலும் இரண்டு தீவில் இருப்பவை ஆகிவிடும். அதே மலையில் உயரத்தில் ஈரக்காட்டில் வாழும் செம்பழுப்பு மலபார் மலை அணில் இதே பேரினம், கூடப்பிறந்தது போல. அது ‘கவலை குறைந்தது’. மேலே இருக்கும் காட்டைத் தொடுபவர் குறைவு. நரை அணில் கேட்பது நாமும் கேட்கிற அடிவாரத்தை, தோப்பும் ஓடையும் உள்ள இடத்தை. வம்சம் அண்ணன் தம்பிக்கு ஒன்றுதான். ஆபத்து அவரவர் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது.

தம்பி டீக்காசைக் கொடுத்துவிட்டுப் புரூபைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். முதலாளியிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு அடிவாரத்தில் மாந்தோப்பும் புளியந்தோப்பும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோப்பை மாற்ற நினைக்கும்போது ஒரேயடியாக வெட்டாதீர்கள். ஓடையை ஒட்டிய வரிசையை மட்டுமாவது விட்டுவையுங்கள், ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடும்படி. செண்பகத்தோப்புக்குச் சுற்றுலா போகிறவர்கள் அணிலுக்குப் பிஸ்கட் போட வேண்டாம். அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால் போதும்.